விமானியின் கையும் பொறியாளரின் கண்ணும்: டர்போபுரொப் இயந்திரத்தின் நம்பகத்தன்மை குறித்துச் சில சிந்தனைகள்



செபராங் ஜெயாவில் வாழ்வோர்க்கு விமான ஓசை புதிதன்று. வடக்கே பட்டர்வொர்த் விமானப்படைத் தளம் இருக்கிறது. கடலுக்கு அப்பால், தீவின் தென்கிழக்கு மூலையில் பாயான் லெப்பாஸ் விமான நிலையம் இருக்கிறது. 1980களிலிருந்து பல்லாண்டுகள், நான்கு டர்போபுரொப் இயந்திரங்கள் பூண்ட ஆஸ்திரேலிய விமானப்படையின் ஓரியன் சுற்றுக்காவல் விமானங்கள் பட்டர்வொர்த்திலிருந்து கடல்மேல் பறந்தன. 2007ஆம் ஆண்டு ஏப்ரலில் பினாங்கைத் தளமாகக் கொண்டு தொடங்கிய ஃபயர்ஃபிளை நிறுவனம் முதலில் ஃபோக்கர் 50 விமானங்களையும், பின்னர் ஏடிஆர் 72-500 விமானங்களையும் பறக்கவிட்டது. சுபாங்குக்குப் போய்வந்த நம்மில் பலர் அவற்றில் அமர்ந்திருக்கிறோம்.

அவ்விமானத்தில் ஏறும்போது, "விசிறி வைத்த விமானமா? பழைய காலத்து விமானம் அல்லவா?" என்று அருகிலிருப்பவர் கேட்பதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். வெளியே தெரிவது விசிறிதான். ஆனால் அதைச் சுழற்றுவது ஜெட் விமானத்தில் இருக்கும் அதே இனத்தைச் சேர்ந்த சுழலி இயந்திரம். குறுந்தொலைவுப் பயணத்துக்கு எரிபொருள் குறைவாகச் செலவாகும் என்பதால் இன்றும் புதிதாகவே செய்யப்படும் விமானம் அது. ஆகவே "பழையதா, புதியதா?" என்பது பயன்தரும் கேள்வியன்று. "இந்த இயந்திரத்தை நம்பலாமா? நம்பலாம் என்றால், அந்த நம்பிக்கை யாருடைய கையில் இருக்கிறது?" என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி. இன்றைய உரை அதைப் பற்றியதே.

முதலில் இயந்திரம் வேலை செய்யும் முறையைச் சுருக்கமாகக் காண்போம். முன்பக்கம் உறிஞ்சப்படும் காற்றை அமுக்கி அழுத்துகிறது. அழுத்தப்பட்ட காற்று எரியறையில் எரிபொருளோடு கலந்து எரிகிறது. அந்தச் சூட்டுவளி பாய்ந்து சுழலிகளைச் சுழற்றுகிறது. ஒரு பகுதிச் சுழலி அமுக்கியை இயக்குகிறது. மற்றொரு பகுதி பற்சக்கரப் பெட்டியின் வழியாக விசிறியை இயக்குகிறது. ஏடிஆர் விமானத்தில் உள்ள பிராட் அண்டு விட்னி கனடா நிறுவனத்தின் இயந்திரத்தில், விசிறியை இயக்கும் சுழலி நிமிடத்துக்கு ஏறத்தாழ 20,000 முறை சுழல்கிறது. பற்சக்கரப் பெட்டி அவ்வேகத்தைக் குறைத்து, விசிறியை 1,200 முறை சுழலச் செய்கிறது.

விசிறியின் இதழ்கள் நிலையாகப் பொருத்தப்பட்டவை அல்ல. அவற்றின் சாய்வை மாற்றலாம். இயந்திரம் செயலிழந்தால், இதழ்களின் விளிம்பு காற்றை எதிர்நோக்குமாறு அவற்றைத் திருப்பிவிட வேண்டும். இல்லையேல் காற்றில் தானே சுழலும் விசிறி பெருந்தடையாகி விமானத்தைப் பின்னுக்கு இழுக்கும். இவ்வாறு திருப்பிவிடுவதை விமானத் துறையில் 'ஃபெதர்' செய்தல் என்பர். இச்சொல்லை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். இன்றைய உரையில் இது மீண்டும் மீண்டும் வரும்.

இயந்திரத்தின் முதற்பகை வெப்பம். சுழலியின் இதழ்கள் நிக்கல் கலப்புலோகத்தால் ஆனவை. செந்தணலாய்ச் சுட்டெரிக்கும் வளியில், பெரும் மைய விலக்கு விசையைத் தாங்கிக்கொண்டு அவை சுழல்கின்றன. அந்நிலையில் உலோகம் மெல்ல மெல்ல நீள்கிறது. ஏறத்தாழ 15 பாகை செல்சியஸ் வெப்பம் கூடினாலே அவ்வுலோகத்தின் ஆயுள் பாதியாகிவிடும் என்பது பொறியாளரிடையே வழங்கும் கணக்கு. விமானியின் முன்னுள்ள வெப்பமானியில் 15 பாகை என்பது முள்ளின் சிறு அசைவுதான். ஆனால் நாள்தோறும் அச்சிறு அசைவை அளவுக்கு மேல் அனுமதிக்கும் கை, பத்தாண்டு உழைக்க வேண்டிய இதழை ஐந்தாண்டில் தேய்த்துவிடும். அதற்கான பற்றுச்சீட்டு அன்றே வருவதில்லை. பல மாதங்கள் கழித்து, இயந்திரத்தைப் பிரிக்கும் நாளில் வருகிறது. அப்போது அந்தக் கை யாருடையது என்று எவரும் கேட்பதில்லை.

இயந்திரத்தைத் தொடக்கும் கணமே விமானியின் முதற்சோதனை. மின்கலம் வலுவிழந்திருந்தால் அமுக்கி மெதுவாகச் சுழலும், காற்று போதாது. அந்நிலையில் எரிபொருளைத் திறந்துவிட்டால், எரியும் தீயைக் குளிர்விக்கப் போதிய காற்று இல்லாமல் வெப்பம் சில நொடிகளில் 1,000 பாகையைக் கடந்து ஏறும். இதனைச் 'சூட்டுத் தொடக்கம்' என்று சொல்லலாம். பன்னூறு மணி நேரப் பறப்பு விளைக்காத கேட்டை அந்தச் சில நொடிகள் விளைத்துவிடும். ஆகவேதான் தேர்ந்த விமானி முதலில் மின்கலத்தின் மின்னழுத்தத்தைப் பார்க்கிறார். சுழற்சி வேகம் குறித்த அளவை எட்டும்வரை காத்திருக்கிறார். எரிபொருளைத் திறந்தபின் வெப்பமானியிலிருந்து கண்ணை எடுப்பதில்லை. முள் ஏறும் வேகம் இயல்புக்கு மாறாக இருந்தால், எல்லையைத் தொடும்வரை காத்திராமல் எரிபொருளை நிறுத்திவிடுகிறார். பயணிகள் காத்திருக்கிறார்களே என்னும் எண்ணம் அந்த நொடியில் அவர் கையைத் தடுக்கக் கூடாது.

நிறுத்துவதற்கும் முறை உண்டு. தரையிறங்கி வந்த வேகத்திலேயே இயந்திரத்தை அணைத்தால், உள்ளே தேங்கிய வெப்பம் தாங்கிகளைச் சுற்றியுள்ள எண்ணெயைக் கருக்கிக் கரியாக்கும். உலகெங்கும் சிறு விமானங்களில் பயன்படும் பிடி6 வகை இயந்திரத்தை, வெப்பம் தணிந்து நிலைபெற ஒரு நிமிடமாவது குறைவேகத்தில் ஓடவிட்ட பின்னரே நிறுத்த வேண்டும். இந்தியாவில் கான்பூரில் உருவாக்கப்படும் டோர்னியர் 228 விமானத்தின் இயந்திரத்துக்கு மற்றொரு பழக்கம் உண்டு. நிறுத்தியபின் விசிறியைக் கையால் சிலமுறை சுற்றிவிடுவார்கள். உள்ளே மேற்பகுதி சூடாகவும் கீழ்ப்பகுதி குளிர்ந்தும் இருப்பதால் நீண்ட தண்டு வளைந்துவிடாமல் இருக்கவே இந்தச் சுற்று. காண்பவர்க்கு அது வேடிக்கையாகத் தோன்றும். அறிந்தவர்க்கு அது மருத்துவம்.

இனிப் பராமரிப்புக்கு வருவோம். நம் ஊரின் காற்று கடற்காற்று. கண்ணுக்குத் தெரியாத உப்புத் துகள்கள் அக்காற்றோடு இயந்திரத்துக்குள் நுழைகின்றன. அவை அமுக்கியின் இதழ்களில் படிந்து அவற்றின் வடிவைக் கெடுக்கின்றன. வெப்பப் பகுதியில் எரிபொருளின் கந்தகத்தோடு சேர்ந்து உலோகத்தையே அரிக்கின்றன. இதற்கு மருந்து மிக எளிது: தூய நீர். இயந்திரத்தை எரிபொருளின்றிச் சுழலவிட்டு, உள்ளே நீரைப் பீய்ச்சிக் கழுவி, பின்னர் ஓடவிட்டு உலர்த்துவார்கள். கடலோரத்தில் பறக்கும் விமானத்துக்கு இக்கழுவலை அடிக்கடி செய்ய வேண்டும். வேலையோ சிறிது, விடுபட்டாலும் அன்று மாலை விமானம் வழக்கம்போலவே பறக்கும். விடுபட்டது உடனே தெரியாத வேலையில்தான் ஒருவரின் நேர்மை சோதிக்கப்படுகிறது.

இயந்திரம் நலமாக இருக்கிறதா என்று அறிய எப்போதும் அதைப் பிரிக்க வேண்டியதில்லை. மருத்துவர் நாடி பார்ப்பதுபோல் பொறியாளரும் நாடி பார்க்கிறார். விமானம் சீராகப் பறக்கும்போது உயரம், வெளிவெப்பம், வேகம், முறுக்குவிசை, அமுக்கியின் சுழற்சி, வளியின் வெப்பம், எரிபொருள் ஓட்டம் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, புதிய இயந்திரம் காட்டிய அளவுகளோடு ஒப்பிடுகிறார். பிடி6 இயந்திரத்தில் அதே ஆற்றலைத் தருவதற்கு வெப்பமும் எரிபொருளும் கூடி, அமுக்கியின் சுழற்சியும் கூடியிருந்தால், அமுக்கியில் அழுக்குப் படிந்திருக்கலாம், கழுவினால் தீரும். வெப்பமும் எரிபொருளும் கூடி, சுழற்சி மட்டும் குறைந்திருந்தால், நோய் வெப்பப் பகுதியில் இருக்கலாம்; உள்ளே கருவி செலுத்திப் பார்க்க வேண்டும். எண்ணெயில் உலோகத் துகள் தென்பட்டால், எங்கோ ஒரு தாங்கியோ பல்லோ தேய்கிறது என்று பொருள்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அந்த அளவுகளைக் கருவியே பதிவு செய்யாத விமானங்களில் அவற்றைப் பார்த்து எழுதுபவர் விமானி. படித்து முடிவெடுப்பவர் பொறியாளர். விமானி நேற்றைய எண்களையே இன்றும் எழுதிவைத்தால், பொறியாளர் பார்ப்பது நோயாளியின் நாடியன்று. வேறொரு நாளின் நிழல். எல்லை மீறிய வெப்பத்தை அச்சத்தாலோ சோம்பலாலோ பதிவேட்டில் எழுதாமல் விட்டால், அடுத்துப் பறப்பவர் அதற்கு விலை கொடுப்பார். இயக்கமும் பராமரிப்பும் இரு துறைகள் என்று நாம் எண்ணுகிறோம். இயந்திரத்துக்கு அந்த வேறுபாடு தெரியாது.

இவ்விரண்டும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதை 2015ஆம் ஆண்டு பிப்ரவரி 4ஆம் நாள் தைப்பேயில் நிகழ்ந்த விபத்து நமக்குக் காட்டுகிறது. டிரான்ஸ்ஏசியா நிறுவனத்தின் ஏடிஆர் 72-600 விமானம் 58 பேருடன் கின்மென் தீவு நோக்கிப் புறப்பட்டது. ஏடிஆர் விமானத்தில் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. புறப்படும்போது ஓர் இயந்திரம் ஆற்றலை இழந்தால், தானியங்கி அமைப்பு மற்ற இயந்திரத்தின் ஆற்றலை உயர்த்தி, ஆற்றலிழந்ததன் விசிறியை ஃபெதர் செய்துவிடும். அன்று ஏறத்தாழ 1,200 அடி உயரத்தில் அந்த அமைப்பு இரண்டாம் இயந்திரத்தின் விசிறியை ஃபெதர் செய்தது. ஆனால் அந்த இயந்திரத்தில் கோளாறு எதுவும் இல்லை. மின்னணுக் கருவி ஒன்றின் பற்றவைப்பு இணைப்பு பழுதுபட்டுக் குறிகை விட்டுவிட்டு வந்ததே காரணம். அடுத்துத் தலைமை விமானி செய்ததுதான் கொடுமை. அவர் நன்றாக ஓடிக்கொண்டிருந்த முதல் இயந்திரத்தின் ஆற்றலைக் குறைத்தார். பின்னர் அதை அணைத்தே விட்டார். தவற்றை உணர்ந்து மீண்டும் தொடக்க முயன்றபோது உயரம் மிஞ்சவில்லை. புறப்பட்ட ஏறத்தாழ மூன்று நிமிடத்தில், மேம்பாலம் ஒன்றில் இடித்து விமானம் கீலுங் ஆற்றில் வீழ்ந்தது. 43 பேர் மாண்டனர். 15 பேர் பிழைத்தனர்.

இதில் குற்றம் யாருடையது? பற்றவைப்பு இணைப்பின் குற்றம் என்றால், அது உயிரைக் கொல்லும் குற்றமன்று. ஓர் இயந்திரத்தோடு பறந்து திரும்புவதற்காகவே அவ்விமானம் வடிவமைக்கப்பட்டது. விமானியின் குற்றம் என்றால், அவரை அந்த நொடிக்கு ஆயத்தப்படுத்தியவர் யார்? புறப்பாட்டு ஓட்டத்தின் தொடக்கத்திலேயே அந்தத் தானியங்கி அமைப்பு ஆயத்தமாகவில்லை என்பது விமானிகளுக்குத் தெரிந்தது. ஆயினும் அவர்கள் புறப்பாட்டைக் கைவிடவில்லை. அத்தகைய நிலையில் என்ன செய்ய வேண்டும் என்பதற்குத் தெளிவான எழுத்துவழி நெறி நிறுவனத்திடம் இல்லை என்பதையும் விசாரணை சுட்டிக்காட்டியது. விபத்துக்குப் பின் அந்நிறுவனத்தின் ஏடிஆர் விமானிகளைச் சோதித்தபோது, இயந்திரம் செயலிழந்தால் பின்பற்ற வேண்டிய முறையைப் பற்றிய தேர்வில் பத்துப் பேர் தேறவில்லை. 2016ஆம் ஆண்டு நவம்பரில் அந்நிறுவனமே தன் சேவையை நிறுத்திக்கொண்டது.

நோயற்ற இயந்திரத்தைக் கையே முடக்கிய மற்றொரு நிகழ்ச்சி நேபாளத்தில் நடந்தது. 2023ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் நாள், எட்டி ஏர்லைன்ஸ் நிறுவனத்தின் ஏடிஆர் 72-500 விமானம் காட்மாண்டுவிலிருந்து பொக்காராவுக்குப் பறந்தது. தரையிறங்கும் முன், இறக்கையின் மடிப்பை மேலும் இறக்கும்படி ஒரு விமானி கேட்டார். மற்றவர் மடிப்புக்கான நெம்புகோலை அசைப்பதாக எண்ணி, அருகே இருந்த வேறு இரு நெம்புகோல்களைப் பின்னிழுத்துவிட்டார். அவை விசிறிகளை ஃபெதர் செய்யும் நெம்புகோல்கள். இரு இயந்திரங்களும் ஓடிக்கொண்டே இருந்தன. உந்துவிசை மட்டும் இல்லை. ஆற்றல் வரவில்லை என்று விமானத்தை ஓட்டியவர் சொன்னார். ஆனால் கை எங்கே சென்றது என்று கண் திரும்பிப் பார்க்கவில்லை. நெம்புகோல்களை முன்னே தள்ளியிருந்தால் விசிறிகள் மீண்டும் காற்றைப் பற்றியிருக்கும். விமானத்தில் இருந்த 72 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை.

இதற்கு நேர்மாறாக, பராமரிப்பில் பிறந்த பிழை விமானியின் கையில் வந்து முடிந்ததும் உண்டு. 2005ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள், டுனின்டர் நிறுவனத்தின் ஏடிஆர் 72 விமானம் இத்தாலியின் பாரி நகரிலிருந்து துனிசியாவின் ஜெர்பாவுக்குப் பறந்தது. முந்திய நாள் அதன் எரிபொருள் அளவுமானி மாற்றப்பட்டிருந்தது. ஆனால் பொருத்தப்பட்டதோ அதே இனத்துச் சிறிய விமானமான ஏடிஆர் 42க்கு உரிய அளவுமானி. தோற்றத்தில் ஒன்றுபோல் இருந்தது, பொருந்தவும் செய்தது. தொட்டியில் இருந்ததைவிட ஏறத்தாழ 2,000 கிலோ கூடுதலாக அது காட்டியது. நடுக்கடலில் இரு இயந்திரங்களும் எரிபொருளின்றி நின்றன. விமானிகளின் கண்முன்னே அளவுமானி எரிபொருள் இருப்பதாகவே சொல்லிக்கொண்டிருந்ததால், அவர்கள் இயந்திரங்களை மீண்டும் தொடக்க முயன்றார்கள். விசிறிகளை ஃபெதர் செய்யவில்லை. காற்றில் சுழன்ற விசிறிகள் விமானத்தைப் பின்னிழுத்தன. பலெர்மோவுக்கு எட்டாமல் விமானம் கடலில் இறங்கியது. 39 பேரில் 16 பேர் மாண்டனர். பண்டக அறையில் ஓர் உதிரிப்பாகத்தின் எண்ணைச் சரிபார்க்காமல் விட்ட சிறு கவனக்குறைவு இத்தனை தொலைவு பயணம் செய்தது.

தேர்ச்சியும் துணிவும் மிக்க கைகளும் முறையான நெறி இல்லாவிடில் தோற்கும் என்பதற்கு இந்திய நாட்டின் 'சரஸ்' விமானம் சான்று. பெங்களூருவின் தேசிய விண்வெளி ஆய்வகம் உருவாக்கிய இச்சிறு டர்போபுரொப் விமானத்தின் இரண்டாம் மாதிரி, 2009ஆம் ஆண்டு மார்ச் 6ஆம் நாள் பிடதி அருகே வீழ்ந்தது. பறக்கும்போதே ஓர் இயந்திரத்தை நிறுத்தி மீண்டும் தொடக்கிப் பார்ப்பது அன்றைய சோதனை. அதில் பறந்த இந்திய விமானப்படையின் சோதனைக் குழுவினர் மூவரும் உயிர்நீத்தனர். மீண்டும் தொடக்குவதற்காக வகுக்கப்பட்ட நடைமுறையே தவறானது. அதைக் கைக்கொண்ட உயரமும் போதாது என்பது விசாரணையின் முடிவு. தாளில் எழுதிய வரிசை பிழையானால், அதைப் பின்பற்றும் கை எத்துணைத் திறமையுடையதாயினும் பயனில்லை.

அவையோரே, இந்நிகழ்ச்சிகளை உங்களை அச்சுறுத்துவதற்காக நான் சொல்லவில்லை. நாள்தோறும் உலகில் எண்ணற்ற டர்போபுரொப் விமானங்கள் புறப்பட்டு நலமே தரையிறங்குகின்றன. செய்தித்தாளில் இடம்பெறாத அந்தப் பயணங்களின் பின்னே, மின்னழுத்தத்தைப் பார்த்த ஒரு விமானியும், உப்பைக் கழுவிய ஒரு தொழில்நுட்பரும், உதிரிப்பாக எண்ணை இருமுறை படித்த ஒரு பண்டகக் காப்பாளரும் இருக்கிறார்கள். நம்பகத்தன்மை தொழிற்சாலையில் பொருத்தி அனுப்பப்படும் பாகமன்று. அது நாள்தோறும் புதிதாகச் செய்யப்பட வேண்டிய பண்டம். இன்று செய்தது நாளைக்கு உதவாது.

மொழிக்கழகம் ஒன்றின் மேடையில் இதைப் பேசுவது ஏன் என்று சிலர் நினைக்கலாம். நான் சொன்ன நிகழ்ச்சிகளைத் திரும்பப் பாருங்கள். தைப்பேயில் தெளிவாக எழுதப்படாத ஒரு நெறி. பொக்காராவில் கேட்ட சொல்லுக்கும் செய்த செயலுக்கும் இடையே சரிபார்க்கப்படாத இடைவெளி. டுனின்டர் விமானத்தில் சரியாகப் படிக்கப்படாத ஓர் எண். பிடதியில் பிழையாக வகுக்கப்பட்ட ஒரு நடைமுறை. பெரும்பாலும் எழுத்திலும் வாசிப்பிலும் சொல்லிலும் நிகழ்ந்த தவறுகள் இவை. 'இயந்திரம் சற்றுச் சூடாக ஓடியது' என்று பதிவேட்டில் எழுதுபவர் எதையும் சொல்லவில்லை. எத்தனை பாகை, எத்தனை நொடி, எந்த உயரத்தில் என்று எழுதுபவரே அடுத்தவரின் உயிரைக் காக்கிறார். கண்டதைக் கண்டபடி, கூட்டாமல் குறைக்காமல் எழுதும் பயிற்சியை மாணவன் முதலில் பெறுவது தமிழ்ப் பாடவேளையிலும் அறிவியல் ஆய்வுக் குறிப்பேட்டிலும்தான்.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆய்வுக்கூடத்தில் மாணவன் எதிர்பார்த்த விடையை எழுதாமல், கருவி காட்டிய விடையை எழுதினால், அது பாடநூலோடு பொருந்தாவிடினும் அவனைக் கடியாதீர்கள். ஏன் வேறுபட்டது என்று அவனோடு சேர்ந்து தேடுங்கள். விடைக்கேற்ப எண்ணைத் திருத்தப் பழகியவன், பின்னொரு நாள் விமானத்தின் பதிவேட்டிலும் அதையே செய்வான்.

மாணவச் செல்வங்களே, விமானத்துறை என்றதும் உங்கள் கண்முன் தோன்றுவது விமானியின் சீருடைதான். பராமரிப்புப் பொறியாளரின் எண்ணெய் படிந்த கையும் அதற்கு இணையான மதிப்புடையது. நம் நாட்டில் பந்திங் பல்தொழில்நுட்பக் கல்லூரியிலும் யூனிகேஎல் மியாட் கல்லூரியிலும் விமானப் பராமரிப்பைக் கற்கலாம். அங்கே செல்வோர் முதலில் கற்பது, 'எனக்குத் தெரியும்' என்று நினைவை நம்பாமல் கையேட்டைத் திறந்து படிப்பது. செய்த வேலைக்குத் தன் பெயரைக் கையொப்பமாக இடுவது. செய்யாத வேலைக்குக் கையொப்பம் இடாதிருப்பது அதனினும் பெரிது.

இக்கூட்டம் முடிந்து நீங்கள் வீடு திரும்பும்போது, மேலே எங்கேனும் விசிறி விமானம் ஒன்றின் ஓசை கேட்கலாம். அந்தச் சீரான ஓசை தானாக வந்ததன்று. நமக்கு முகம் தெரியாத பலர் தத்தம் சிறு வேலையை இன்று ஒழுங்காகச் செய்ததால் வந்தது. நாளை அவ்வோசை தொடர்வதற்கு உங்களில் சிலரும் காரணமாக அமைய வேண்டும் என்பதே என் விழைவு.